தசை வலிமைக் குறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்காலியிலிருந்து எழும்போது இரு உள்ளங்கைகளையும் தொடையில் ஊன்றி, ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி, பிறகு உந்தி எழுபவரிடம் கால் வலு குறைந்திருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் "இல்லை, முட்டிதான் கொஞ்சம் பிடிக்கிறது" என்றே பதில் வரும். வலிமை குறையக் குறைய உடல் குறுக்கு வழிகளைக் கண்டுபிடித்துக்கொள்வதால், அது குறைந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது. கீழுள்ள கேள்விகளில் பாதி, குறைந்திருக்கிறதா என்பதையும் ஏன் குறைந்தது என்பதையும் கண்டுகொள்வதைப் பற்றியவை. மீதி, அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியவை.

அசதியும் வலிமைக் குறைவும் ஒன்றுதானா?

இல்லை. அசதியாக இருப்பவர் மனமில்லாமல் மெதுவாகச் செய்தாலும், ஒருமுறை முழு முயற்சி எடுத்தால் அந்த வேலையைச் செய்துவிடுவார். வலிமை குறைந்தவர் எவ்வளவு முயன்றாலும் தசையால் அந்த விசையைத் தர முடியாது. இரத்தசோகை, தூக்கமின்மை, இதயக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றில் பெரும்பாலும் முன்னதுதான் இருக்கும். மருத்துவரிடம் போய் "உடம்பே முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். "மூன்று மாதங்களுக்கு முன்பு வரை கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினேன், இப்போது பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஏற முடிகிறது" என்று எந்த வேலை, எப்போதிலிருந்து என்று சொன்னால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும்.

தசை இளைத்தால்தான் வலிமை குறையுமா?

இதுதான் மிகப் பரவலான தவறான எண்ணம். வயதாகும்போது தசைத் திரள் குறைவதைக் குறிக்கும் 'சார்கோபீனியா' என்ற சொல்லை இர்வின் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் 1980-களின் இறுதியில் முன்வைத்தார். ஆனால் பின்னர் வந்த நீண்டகால ஆய்வுகள், முதியவர்களின் தசை அளவு குறையும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாக வலிமை குறைவதைக் காட்டின. எனவே 2008-இல் வலிமை இழப்பைத் தனியாகக் குறிக்க 'டைனபீனியா' என்ற சொல் முன்மொழியப்பட்டது. 2019-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஐரோப்பிய வரையறை, தசையின் அளவைப் பின்னுக்குத் தள்ளி வலிமைக் குறைவையே முதல் அடையாளமாக வைத்தது.

காரணம் எளிது. தசை தானாக இயங்குவதில்லை. தண்டுவடத்திலிருந்து வரும் இயக்க நரம்பணு ஒவ்வொன்றும் ஒரு கொத்துத் தசைநார்களை இயக்குகிறது. வயதாகும்போது இந்த நரம்பணுக்களில் சில அழிகின்றன. அவை விட்டுச்சென்ற நார்களில் சிலவற்றைப் பக்கத்து நரம்புகள் தத்தெடுத்துக்கொள்கின்றன. மற்றவை சுருங்கி மறைகின்றன. இதில் முதலில் அடிபடுபவை, சட்டென்று விசை தரும் வேக வகை நார்கள். தடுமாறும்போது காலை எடுத்து முன்னே வைத்து விழாமல் நிற்கச் செய்வது இவைதான். இதற்கிடையே தசைக்குள் கொழுப்பு படிவதால், தொடையைச் சுற்றி அளந்தால் அளவு மாறாமலேயே உள்ளிருக்கும் சரக்கு மாறியிருக்கும். பருத்த உடல் கொண்டவருக்கு வலுவான தசை இருக்கும் என்று நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

வயதானால் இது இயல்புதானே?

ஓரளவுக்கு ஆம். முப்பது வயதைத் தாண்டிய பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைவதாகக் கணக்கிடப்படுகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் கூடுகிறது. ஆனால் வாரக்கணக்கில் குறையும் வலிமையையோ, ஒரு பக்கம் மட்டும் குறைவதையோ, விழுங்குவதிலும் பேசுவதிலும் தெரியும் மாற்றத்தையோ வயதின் கணக்கில் எழுதக் கூடாது. முதுமை அவ்வளவு அவசரமாக வருவதில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள, உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, துணைக்கு ஒருவரை அருகில் நிற்கச் சொல்லுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுமையாக எழுந்து நின்று மறுபடி உட்காருவதை ஐந்து முறை இயன்ற வேகத்தில் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சார்கோபீனியாவுக்கான ஆசியப் பணிக்குழு 2019-இல் வெளியிட்ட வரையறையின்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும்; ஐரோப்பிய வரையறையில் இந்த எல்லை 15 வினாடி.

நேரத்தைவிட அதிகம் சொல்வது எழும் விதம். கட்டிய கை தானாக அவிழ்ந்து தொடைக்கு இறங்குகிறதா, ஒரு கால் மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறதா, நான்காவது முறையில் பாதி எழுந்து 'தொப்'பென்று உட்கார்ந்துவிடுகிறாரா என்று பார்க்க வேண்டும். எழுவதற்கு விசை வேண்டும் என்றால், மெதுவாக உட்காருவதற்குக் கட்டுப்பாடு வேண்டும். பலருக்கு இரண்டாவதுதான் முதலில் போகிறது.

அதே ஆசிய வரையறையில் வேறு சில அளவுகளும் உள்ளன. வழக்கமான நடையில் வினாடிக்கு 1 மீட்டருக்கும் குறைவான வேகம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் குறைவான சுற்றளவு, கை இறுக்கிப் பிடிக்கும் விசையை அளக்கும் கருவியான கைப்பிடி அளவியில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைவான விசை ஆகியவை அவை. முழங்கால் மூட்டு தேய்ந்தவருக்கு நாற்காலிச் சோதனை வலியையும் சேர்த்தே அளக்கும் என்பதால், அவருக்குக் கைப்பிடி அளவே நம்பகமானது.

கைப்பிடி வலிமைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பந்தை அழுத்திப் பயிற்சி செய்தால் போதுமா?

கைப்பிடி உடலின் மொத்த வலிமைக்கு ஓர் எளிய குறியீடு. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான 'பியூர்' ஆய்வில், பிடியின் விசை 5 கிலோ குறையக் குறைய, எந்தக் காரணத்தாலும் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. இந்தக் கணிப்பில் அது இரத்த அழுத்த அளவையும் விஞ்சியது. ஆனால் இது தொடர்பைக் காட்டும் எண், காரணத்தைக் காட்டுவதன்று. பந்தை மட்டும் அழுத்தி அந்த எண்ணை ஏற்றுவது, காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் முக்குவதற்குச் சமம். பயிற்சி தேவைப்படுவது பெரும்பாலும் தொடைக்கும் இடுப்புக்கும்தான்.

பலவீனம் எந்த இடத்தில் என்பதிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். தாழ்வான இருக்கையிலிருந்து எழவும், மாடி ஏறவும், கையை உயர்த்தித் தலை சீவவும் இருபுறமும் ஒரே அளவில் சிரமம் என்றால், தோளையும் இடுப்பையும் சார்ந்த தசைகள் வலுவிழந்திருக்கின்றன. இது பொதுவாகத் தசையிலேயே உள்ள கோளாறைக் குறிக்கும். தைராய்டுக் குறைபாடு, வைட்டமின் டி பற்றாக்குறை, ஸ்டீராய்டு மருந்துகள், தசை அழற்சி, மரபுவழித் தசைச் சிதைவு நோய்கள் ஆகியவை இந்த வரிசையில் வரும்.

செருப்பு தெரியாமல் காலிலிருந்து நழுவுவது, நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டுவது, சட்டைப் பொத்தான் போடவும் சாவியைத் திருகவும் விரல் ஒத்துழைக்காதது ஆகியவை கைகால் நுனியில் தொடங்கும் பலவீனத்தின் அடையாளங்கள். இங்கே சந்தேகம் முதலில் நரம்பின் மீது விழும். மரத்துப்போதலும் எரிச்சலும் சேர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்; நீண்டகால நீரிழிவு இதற்கு மிகச் சாதாரணமான காரணம். ஒரு கால் மட்டும் பாதம் தொங்கினால், முதுகெலும்பு வட்டு நரம்பை அழுத்துகிறதா, முழங்காலின் வெளிப்பக்கத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. அது ஆளை ஏமாற்றும். காலையில் நன்றாக இருந்து, மாலையாக ஆக இமை சரியும், பொருள் இரண்டாகத் தெரியும், மென்று மென்று தாடை ஓய்ந்துபோகும். சற்று ஓய்வெடுத்தால் மீண்டுவிடும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் செய்தி கடக்காமல் தடைப்படும் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயின் சாயல் இது. மருத்துவரைப் பார்க்கும் நேரம் காலையாக இருந்தால் எல்லாமே சரியாகத் தெரியும் என்பதால், மாலையில் கைப்பேசியில் முகத்தைப் படம் எடுத்துச் செல்வது மிகவும் உதவும்.

எந்த அறிகுறிகளுக்கு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்?

ஒரு பக்க முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரென விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்கப் போவதே பெரிய தவறு. அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.

வயிற்றுப்போக்கோ சளிக் காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களில் பாதத்தில் தொடங்கிய பலவீனம் நாள்கணக்கில் மேலேறினால், அது கில்லன் பாரே என்ற நரம்பு நோயாக இருக்கலாம். மூச்சுத் தசைகளை அது எட்டும் முன் மருத்துவமனையில் இருக்க வேண்டும். முதுகுவலியோடு இரு கால்களும் தளர்ந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டோ கட்டுப்பாடின்றிப் போயோ, தொடைகளுக்கு இடையே மரத்துப்போனால் அதுவும் அவசரநிலை. கடுமையான தசைவலியோடு சிறுநீர் அடர்பழுப்பு நிறமாவது, தசை உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதன் அறிகுறி. மூச்சுவிடவோ விழுங்கவோ புதிதாகச் சிரமம் ஏற்பட்டால் காரணம் எதுவாயினும் காத்திருக்கக் கூடாது.

நான் உட்கொள்ளும் மருந்தே காரணமாக இருக்குமா?

இருக்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், பொட்டாசியத்தை வெளியேற்றும் சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள் ஆகியவை அடிக்கடி கேட்கப்படும் பெயர்கள்; தொடர்ந்த மதுப் பழக்கத்தையும் இதே பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆயினும் தாமாக நிறுத்திவிடுவது ஆபத்து. நாள்பட எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடல் நிலைகுலையும். ஸ்டேட்டினைப் பொறுத்தவரை, அதன் மீது சுமத்தப்படும் தசைவலிகளில் பெரும்பகுதிக்கு மருந்து காரணமில்லை என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பதே சரியான வழி.

மருத்துவர் என்னென்ன பரிசோதனைகள் செய்வார்?

முதலில் கையால் அழுத்திப் பார்த்து ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் தருவார். அசைவே இல்லாவிட்டால் 0, புவியீர்ப்பை எதிர்த்து மட்டும் தூக்க முடிந்தால் 3, முழு எதிர்ப்பையும் தாங்கினால் 5. இம்முறைக்கு ஒரு குறை உண்டு: தொடைத் தசை மருத்துவரின் கையைவிட மிக வலுவானது என்பதால், பாதி வலிமையை இழந்த தொடைகூட அவர் அழுத்தும்போது முழு மதிப்பெண் வாங்கிவிடும். "எல்லாம் நார்மல்" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, மாடி ஏற முடியாமல் நிற்பவர்களின் குழப்பத்துக்குக் காரணம் இதுதான். நாற்காலியிலிருந்து எழுந்து காட்டட்டுமா என்று நீங்களே கேட்கலாம்.

இரத்தத்தில் தைராய்டு, பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை, வைட்டமின் டி ஆகியவற்றோடு, கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதியையும் பார்ப்பார்கள். கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு இந்த நொதி சில நாள்கள் ஏறியே இருக்கும் என்பதால், பயிற்சி செய்ததை முன்பே சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: கல்லீரல் பரிசோதனையில் வரும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ஆகிய நொதிகள் தசையிலும் இருக்கின்றன. தசை நோய் உள்ளவருக்கு இவை உயர்ந்திருப்பதைப் பார்த்து, கல்லீரலையே தேடிக்கொண்டு காலம் கடந்துபோவதுண்டு. தேவைக்கேற்ப நரம்புக் கடத்தல் சோதனை, தசை மின்னலைப் பதிவு, எம்.ஆர்.ஐ., மரபணுச் சோதனை, தசைத் துணுக்குச் சோதனை ஆகியவை பின்தொடரும்.

தினமும் நடக்கிறேன். அது போதாதா?

இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, வலிமைக்குப் போதாது. ஏற்கெனவே சுமக்கும் பாரத்தைவிடச் சற்று அதிகமானதைச் சுமக்கும்போதுதான் தசை வலுப்பெறுகிறது. சமதளத்தில் நடப்பது உடலுக்குப் பழகிப்போன சுமை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடை போன்றவற்றுக்கு மேலாக, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள்கள் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்குமான வலிமைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சிகளை மூன்று நாள்களாவது செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. நடப்பவர்கள் நடையை நிறுத்த வேண்டியதில்லை. அதையே மருந்து என்று நம்பி மற்றதை விடாமல் இருந்தால் சரி.

பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

சோதித்துப் பார்த்த அதே நாற்காலியிலிருந்து தொடங்கலாம். கை ஊன்றாமல் எழ முடியாதவர், உறுதியான மெத்தை ஒன்றைப் போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ள வேண்டும். அந்த உயரத்திலிருந்து பத்து முறை எழுந்து அமர முடிந்ததும் மெத்தையை எடுத்துவிடலாம். அதுவும் இலகுவானால் உட்காருவதை மூன்று எண்ணிக்கைக்கு நீட்டலாம். பிறகு மார்போடு ஒரு சுமையை அணைத்துக்கொள்ளலாம். சுவரில் கையூன்றித் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, எலாஸ்டிக் பட்டையைத் தன்பக்கம் இழுப்பது ஆகிய மூன்றைச் சேர்த்தால் உடலின் பெரும்பகுதி உள்ளடங்கிவிடும்.

அளவு எவ்வளவு என்பதற்கு நம்பகமான குறிப்பு ஒன்று உண்டு: எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு கடினமாக இருக்க வேண்டும், ஆனால் செய்யும் விதம் கலையக் கூடாது. பன்னிரண்டும் பேசிக்கொண்டே முடிந்துவிட்டால் சுமை போதவில்லை. முயற்சியின்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் எகிறும் என்பதால், எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். ஒரே தசைக்கு அடுத்தடுத்த நாள்களில் வேலை தராமல் ஒருநாள் இடைவெளி விடுங்கள். இதய நோயோ கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் தசை பருக்காது, ஆனால் எழுவது இலகுவாகும். நரம்புகள் முதலில் கற்றுக்கொள்கின்றன. தசை வளர்வது அதன் பின்னர்தான். கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுபவர்கள், பலன் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே விடுகிறார்கள்.

எண்பதைத் தாண்டியவர்களுக்கும் இது பயன் தருமா?

மரியா ஃபியாடரோனேயும் சக ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேர் தொடைக்கான கனமான எடைப் பயிற்சியில் சேர்ந்தார்கள். எட்டு வாரங்களை முடித்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதம்தான் வளர்ந்தது. இருவர் ஊன்றுகோலை விட்டார்கள். கை ஊன்றாமல் எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்தார். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் வலிமையில் 32 சதவீதம் போய்விட்டது என்ற அதே ஆய்வின் மறுபக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை.

நரம்பு நோயோ தசை நோயோ உள்ளவர்கள் இதே பயிற்சிகளைச் செய்யலாமா?

இதே அளவில் அல்ல. தசை அழற்சியில் மிதமான, கண்காணிக்கப்பட்ட பயிற்சி பாதுகாப்பானது என்பது இன்று தெளிவு; முன்பு ஓய்வையே வலியுறுத்தினார்கள். தசைச் சிதைவு நோய்களில் கனமான சுமையை மெதுவாக இறக்கும் வகைப் பயிற்சிகள் தசைநாரைக் கிழிக்கக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன. இளம்பிள்ளைவாதம் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு பலவீனம் திரும்புபவர்கள், களைப்புக்கு முன்பே நிறுத்த வேண்டும். மறுநாளும் சோர்வோ வலியோ நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். இவர்களுக்கான திட்டத்தை நரம்பியல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்தே வகுக்க வேண்டும்.

உணவிலும் சத்து மாத்திரைகளிலும் எதைக் கவனிப்பது?

முதியவரின் தசை, அதே அளவு புரதத்துக்கு இளையவரின் தசையைப் போல வளர்ந்து காட்டுவதில்லை. எனவே 65-க்கு மேற்பட்டவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் என்று நிபுணர் குழுக்கள் பரிந்துரைக்கின்றன. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் உள்ளது என்பதை நினைத்தால், இது தானாக நிரம்பும் அளவன்று என்பது விளங்கும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பகிர்வது நல்லது. டயாலிசிஸ் இல்லாத, முற்றிய சிறுநீரக நோயில் இந்தக் கணக்கு பொருந்தாது.

வைட்டமின் டி பற்றாக்குறை இருந்தால் அதைச் சரிசெய்வது பலன் தரும். இல்லாதவருக்கு வலிமையைக் கூட்டாது. ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகுகளை ஒரேயடியாகக் கொடுத்துப் பார்த்து 2010-இல் வெளியான ஆய்வில், மூதாட்டிகள் விழுவது அதிகரித்ததே கண்ட பலன். கிரியாட்டின் பொடி, எடைப் பயிற்சியோடு சேரும்போது சிறிதளவு உதவுகிறது. பயிற்சி இல்லாமல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. சார்கோபீனியாவுக்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்து இதுவரை இல்லை. உடல் எடையை வேகமாகக் குறைப்பவர்கள், எந்த முறையிலாயினும், கொழுப்போடு தசையையும் இழக்கிறார்கள் என்பதால் வலிமைப் பயிற்சி அவர்களுக்கு இரட்டிப்பாகத் தேவை.

நோயில் படுத்து எழுந்த பிறகு வலு திரும்பவில்லை. ஏன்?

படுக்கை ஓய்வுக்கு நாம் நினைப்பதைவிட அதிக விலை இருக்கிறது. சராசரியாக 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள்கள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2007-இல் வெளியானது. அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு கரைந்தது. முழங்காலை நீட்டும் வலிமை ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி என்றால், காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் தடைசெய்யாத வரை, சாப்பாட்டையாவது கட்டிலைவிட்டு நாற்காலியில் அமர்ந்து உண்பது நல்ல தொடக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து திரும்பியவர்களுக்கு மீட்சி மாதக்கணக்கில் ஆகலாம்.

வலிமை குறைந்தவருக்கு வீட்டிலுள்ளவர்கள் எப்படி உதவுவது?

அன்பால் செய்யப்படும் உதவிகளில் சில கேடு விளைவிக்கின்றன. அவரால் மெதுவாகச் செய்ய முடிந்ததை நாம் வேகமாகச் செய்துகொடுத்தால், அன்றாடம் அவருக்குக் கிடைத்துவந்த பயிற்சி பறிபோகிறது. அவர் எழும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது இருவருக்கும் ஆகாது: அவருடைய தோள்மூட்டுக்கும் கேடு, நம் இடுப்புக்கும் கேடு. முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைத்துக்கொள்ளட்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னே குனிந்தால், உடலின் பாரம் பாதத்துக்கு மாறி இருக்கை தானாக லேசாகும். அப்போது அவர் எழட்டும். உங்கள் கை அவருடைய முதுகுக்குப் பின்னே, தொடாமல், தயாராக இருந்தால் போதும்.